என் வாரத்துப் படிகள்

எதிர்வீட்டு ரோஸ்விதா க்ளெங்க் காலையில் படியிறங்கும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அறுபதைத் தாண்டிய வயதில் குதிகால் வைத்த பூட்ஸ். டக் டக்கென்று ஒரே அளவாக இறங்குவாள். நான் போர்வைக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கீழே வெளிக்கதவு சாத்தப்பட்டதும், 'போய்த் தொலைந்தாள்' என்று மறுபடி கண்ணை மூடிக்கொள்வேன்.

இலையுதிர் காலம் வரைக்கும் நானும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. ஸ்டுட்கார்ட்டின் இந்த மேட்டுத் தெருக்களில் எனக்குத் தெரியாத கடைவாய்ப் பல் கிடையாது. மருத்துவர் ஓய்வு பெற்றார், இடத்தை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார், என் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பூ வாடிக் கருகிய பிறகும் அதை நான் தூக்கிப் போடவில்லை. பாசமெல்லாம் ஒன்றுமில்லை. எழுந்து குப்பைத் தொட்டி வரைக்கும் யார் போவது?

அதற்கப்புறம் எல்லாமே அப்படி ஆகிவிட்டது. துவைத்த துணி நாற்காலியில் குவிந்து கிடக்கும், அதிலிருந்தே உருவி உடுத்திக்கொள்வோம். ஒரு தட்டைக் கழுவுவது மலையைப் புரட்டுகிற வேலையாகத் தெரிந்தது. டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் ஒன்றும் குறையில்லை, தினமும் வெளியே நடங்கள் என்றார். நடப்பதற்கு முதலில் காலுறை போட வேண்டும். அந்த இடத்திலேயே நான் தோற்றுப்போவேன்.

என் கணவன் ஹார்ட்முட் ட்ராம் ஓட்டுகிறவன். விடியுமுன் போய் மதியம் திரும்புவான். நல்லவன்தான், ஆனால் எந்த நேரத்தில் எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சரியாகச் சொல்லுவான்.

"இன்னைக்கும் நம்ம க்ளெங்கம்மா என் வண்டியிலதான் ஏறினாங்க. முகத்தைப் பார்க்கணுமே, பளிச்சுன்னு! நீச்சலுக்குப் போறாங்களாம். இந்தக் குளிர்ல!"

"அப்ப அவளையே போய்க் கட்டிக்க."

"நான் என்ன சொல்லிட்டேன்? ஒரு சுறுசுறுப்பைப் பாராட்டக் கூடாதா?"

"பாராட்டு. அவகிட்டயே சாப்பாடும் கேளு."

அவன் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளே கொண்டுவந்து தருவாள். பின்னல் போல முறுக்கிச் சுட்ட இனிப்பு ரொட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, வாசலில் நின்று புன்னகையோடு நீட்டுவாள். ஹார்ட்முட் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு, தட்டில் உதிர்ந்ததையும் விரலால் ஒற்றி எடுப்பான். எனக்கு அந்த விரலைப் பார்த்தால் கடித்துவிடலாம் போல இருக்கும். நான் சுட்ட ரொட்டிக்கு அவன் ஒருநாளும் அப்படி விரலை ஒற்றியதில்லை.

இந்த லட்சணத்தில் என் முறை வந்தது. இந்த ஊரில் பெரும்பாலான கட்டிடங்களில் உள்ள வழக்கம்தான். எங்கள் தளத்தில் இரண்டே வீடு. ஒரு வாரம் அவள் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும், மறு வாரம் நான். முறை யாருடையதோ அவர்கள் கதவில் 'கூட்டும் வாரம்' என்று எழுதிய மரப்பலகை தொங்கும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துப் பலகையை எதிர்க்கதவில் மாட்டிவிட வேண்டும். இங்கே ஒருத்தி கட்டின புருஷனை விட்டு ஓடிப்போனால்கூட மறந்துவிடுவார்கள். படி கூட்டாதவளை மறக்க மாட்டார்கள்.

பனி உருகும் நேரம். பூட்ஸுகளில் ஒட்டி வந்த சேறும் உப்பும் படியெல்லாம் நரநரவென்று கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளிச் சனிக்கிழமையும் வந்துவிட்டது. நான் சோபாவில் படுத்து, தொலைக்காட்சியில் இளைஞர்கள் பனிச்சறுக்குக் கட்டையோடு வானத்தில் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலையில் செய்தித்தாள் எடுக்கக் கதவைத் திறந்தால், படி கண்ணாடி மாதிரி இருக்கிறது. எலுமிச்சை சோப்பு வாசனை. என் கதவில் தொங்கிய பலகையைக் காணோம். அவள் கதவில் தொங்குகிறது. என் வாரத்தை அவளே கூட்டி முடித்து, பலகையையும் அவளே எடுத்துப் போய் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நல்ல மனசு இருக்கு அந்தம்மாவுக்கு," என்றான் ஹார்ட்முட்.

"நல்ல மனசா? என்னைச் செருப்பால அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது! 'இவளால முடியாது'ன்னு கட்டிடத்துக்கே தண்டோரா போட்டிருக்கா!"

சொல்லி வாய் மூடவில்லை, மேல்மாடிக்காரர் நாயோடு இறங்கி வந்தார். படியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "படி ரொம்ப நல்லா இருக்கு, ஷாலரம்மா," என்றார். நாய்கூடச் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் அந்த பூட்ஸ் சத்தத்துக்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கதவிலிருந்த துவாரம் வழியாகப் பார்த்தேன். உதட்டுச் சாயம், நீலப் பட்டுக் கழுத்துத்துணி, நிமிர்ந்த முதுகு. நாளைக்கு இவள் இறங்குவதற்கு முன்னால் நான் இறங்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படியே நடந்தது. காலுறையை யார் மாட்டிவிட்டார்கள் என்றே தெரியாது. பேக்கரிக்குப் போய்ச் சுடச்சுட ரொட்டி வாங்கிக்கொண்டு நான் ஏறி வரும்போது அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அட, ஷாலரம்மா! இவ்வளவு சீக்கிரமாவா?"

"எப்பவும் இப்படித்தானே. நீங்கதான் பார்த்ததில்ல."

அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்கு அன்றைய காபிக்குச் சர்க்கரையாக இருந்தது.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. வசந்தம் வருகிறதென்று அவள் தன் கதவில் பூனைவால் மொட்டுக் கொத்து ஒன்றை மாட்டினாள். என் வாடிய பூங்கொத்தை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டு, நான் அவளுடையதைவிடப் பெரிதாக ஒன்று மாட்டினேன். அவள் ஜன்னல் திரையைத் துவைத்தாள். நான் திரையையும் துவைத்து ஜன்னலையும் துடைத்தேன். நாற்காலித் துணிக்குவியல் அலமாரிக்குப் போனது. ஊக்கம், மன உறுதி என்று வானொலியில் யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். என்னிடம் அதெல்லாம் இல்லை. வயிற்றெரிச்சல் இருந்தது, அதை வைத்தே வண்டி ஓடியது.

என் அடுத்த முறை வந்தபோது வெள்ளிக்கிழமையே கூட்டிவிட்டேன். மூலை முடுக்கையெல்லாம் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தேன், கைப்பிடிக்கு மெருகெண்ணெய் போட்டேன். சனிக்கிழமை காலையில் பலகையை எடுத்துக்கொண்டு, அவள் காதில் விழட்டும் என்று சத்தமாக நடந்துபோய் அவள் கதவில் மாட்டினேன். கதவு தானாக உள்ளே நகர்ந்தது. கால்மிதி மடங்கிச் சிக்கியதில் சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து ஒரு புளித்த நாற்றம் வந்தது.

"க்ளெங்கம்மா?"

பதில் இல்லை. விழுந்து கிடக்கிறாளோ என்ற கவலையில் பாதியும், அவள் வீட்டை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் பாதியுமாக உள்ளே போனேன்.

நடையில் செய்தித்தாள் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு. அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து நிற்க, கோப்பைகளில் பூஞ்சை பூத்திருந்தது. ரொட்டி சுடும் அடுப்பின் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் கழுவாத சட்டிகள் அடைந்திருந்தன. தரையில் பேக்கரிக் காகிதப் பைகள். இவற்றுக்கு நடுவில் ரோஸ்விதா குளிர்கோட்டும் உதட்டுச் சாயமுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கூப்பிட்டேன்..."

"கேட்டுச்சு. எழுந்து வர முடியல." என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பார்த்துட்டீங்கல்ல? போய் மேல்மாடிக்காரர்கிட்ட சொல்லுங்க."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இரக்கமெல்லாம் பின்னால்தான் வந்தது. என் கண் அந்தக் காகிதப் பைகளிலேயே நின்றது.

"அப்ப அந்த ரொட்டி?"

"ஃபொயர்பாக் பக்கம் ஒரு பேக்கரியில வாங்குறது. துணியில சுத்திக் குடுத்தா வீட்ல சுட்ட மாதிரிதான் இருக்கும்."

"நீச்சல்?"

"குளத்துக்கிட்ட இறங்கி, அடுத்த ட்ராம்ல ஏறிக் கடைசி வரைக்கும் போயிட்டு, திரும்பி வருவேன். எனக்கு நீச்சலே தெரியாது." கையுறையை மடித்து மடித்துப் பிரித்தாள். "கதவுக்கு வெளிய எல்லாம் செய்ய முடியுது. உள்ள வந்தா கை தானா விழுந்துடுது. யாரு பார்க்கப் போறான்னு தோணிடுது. அதனாலதான் உங்க வாரத்தையும் சேர்த்துக் கூட்டினேன். வெளிய எனக்குக் கூட்ட வேற ஒண்ணும் மிச்சமில்ல. கோவமா?"

"கோவமாவா? உங்களைக் கொன்னிருப்பேன்!"

அவள் லேசாகச் சிரித்தாள். "மதியம் உங்க வீட்டுக்காரர் வந்ததும் நீங்க சண்டை போடுறது சுவர் வழியா கேட்கும். எனக்கு அப்படியே வயிறு எரியும். திட்டுறதுக்காவது உங்களுக்கு ஒரு ஆள் இருக்கு."

சிக்கியிருந்த கால்மிதியை இழுத்து நேராகப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கள் காலையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. டக் டக். காத்துக்கிடந்தேன். ஒன்றும் எரியவில்லை. ட்ராமில் கடைசி வரை போய்த் திரும்பப் போகிறாள், பாவம் என்று நினைத்தேன். காலுறை தரையிலேயே கிடந்தது. மதியம் ஹார்ட்முட் வந்தபோதும் நான் போர்வைக்குள்தான் இருந்தேன்.

"உடம்பு சரியில்லையா?"

"அவமேல இருந்த பொறாமை போயிடுச்சு."

"நல்லதுதானே?"

"முட்டாள்," என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது. இத்தனை நாள் என்னை எழுப்பியதும் உடுத்தியதும் படியிறக்கியதும் அந்த எரிச்சல் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் நான் இந்தக் கட்டிலை விட்டு இனி எழப்போவதில்லை என்று நிஜமாகவே பயந்தேன்.

பயத்தில் அன்றிரவு சரியாகத் தூக்கமில்லை. காலையில் அவள் கதவு திறக்குமுன் எழுந்துவிட்டேன். தலை வாரவில்லை, காலுறை தேடவில்லை. இரவுச் சட்டையோடு வெறுங்காலில் நடையைத் தாண்டிப் போய், அவள் கதவில் தொங்கிய பலகையைக் கழற்றிக்கொண்டு மணியை அடித்தேன். சாயம் பூசிய உதட்டோடு திறந்தாள். அவளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பலகையை அவளுடைய அடுப்படிக் கதவின் கைப்பிடியில் மாட்டினேன்.

"என்ன பண்றீங்க?"

"இந்தக் கூட்டும் வாரம் இனிமே இங்க. சனிக்கிழமை சாயங்காலம் வருவேன். முடிக்கலைன்னா நானே கூட்டிருவேன். உன் சட்டியெல்லாம் நான் கழுவுவேன்."

இத்தனை வருடத்தில் அவளை நான் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவள் முகம் உதட்டுச் சாயத்தைவிடச் சிவந்தது.

"என் அடுப்படியில நீ கை வைப்பியா?"

"வைப்பேன். சட்டியைத் துடைச்சுப் படியில வரிசையா அடுக்கியும் வைப்பேன். மேல்மாடிக்காரரும் நாயும் பார்த்துட்டுப் போகட்டும்."

"வெளிய போடி!"

போனேன். அன்று அவள் ட்ராமுக்குப் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடியது, சட்டி விழுந்தது, நடுநடுவே என் பெயர் நல்ல அழுத்தமான வசவோடு வந்தது. கேட்டுக்கொண்டே நானும் எழுந்து இரண்டு தட்டைக் கழுவி வைத்தேன். படிக்கட்டைக் கவனிக்க ஆளில்லாமல், அந்த வாரம் ஹார்ட்முட்தான் முணுமுணுத்துக்கொண்டே கூட்டினான்.

சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். அடுப்படி மேடையில் ஒரு சொட்டு ஈரமில்லை. குழாயில் என் மூக்கு தெரிந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி மேசைமேல் இருந்தது. பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் கருகியிருந்தது.

ஹார்ட்முட் ஒரு துண்டைத் தின்றான். "போன தடவை சுட்டது இன்னும் மெத்துன்னு இருந்துச்சு," என்றான்.

ரோஸ்விதா அவனை முறைத்தாள். பிறகு அடுப்படிக் கதவிலிருந்த பலகையைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

"அடுத்த வாரம் உன் முறை. உன் அடுப்படிக் கதவுல மாட்டு. சனிக்கிழமை வந்து குழாயைத்தான் முதல்ல பார்ப்பேன்."

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். என் குழாய் மங்கலாக இருந்தது. அவளுடையதில் மூக்கு தெரிந்தது, என்னுடையதில் முகமே இருக்கிற மாதிரி இல்லை. வயிற்றில் மெல்லப் பற்றிக்கொண்டது, பழைய எரிச்சல், கொஞ்சமும் குறையாமல்.

"அப்பாடா," என்று சொல்லிவிட்டு, துடைக்கும் துணி எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.