சோதனைத் துண்டு

மருந்துக்கடைக்காரர் தன் கையால் கலந்த டெவலப்பரில்தான் பிலிம் கழுவுவார். அன்றும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்பைட், அப்புறம் மெட்டால், அது கரைந்ததும் மிச்ச சல்பைட், ஹைட்ரோகுயினோன், கடைசியில் வெங்காரம் என்று வரிசை பிசகாமல் கரைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

சுருளின் முதல் படம் லேசுப்பட்டதல்ல. அவர் கல்யாணத்தன்று முறைத்துக்கொண்ட சம்பந்திகள், அவருடைய அப்பாவும் மாமனாரும், நேற்றுப் பேத்தியின் பிறந்தநாளில் அவள் அடம்பிடித்ததால் தோளில் கைபோட்டுச் சிரித்த படம். சிரித்தது அந்த ஒரு நொடிதான். இன்று மறுபடி சோபாவின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர்.

"அது மட்டும் நல்லா வரணுங்க. கூடத்துல மாட்டிட்டா, அப்புறம் எப்படி முறைச்சுக்குவாங்கன்னு பாக்குறேன்" என்றாள் மனைவி.

"வீட்டுல கரைச்ச தண்ணியில படம் வருமா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. சுருளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் ஏற்கெனவே வெளிச்சம் பட்டது. அதில் ஒரு துண்டு வெட்டி டெவலப்பரில் போட்டால், கலவை சரியென்றால் கறுக்க வேண்டும். போட்டார். கறுத்தது.

"அவர் பாத்தாச்சு. எனக்கு யாரு காட்டுவா?" என்றார் அப்பா.

அப்பாவுக்கு ஒரு துண்டு.

"அவருக்கு மட்டும் நல்லாக் கறுத்திருக்கே?" என்றார் மாமனார். அவருக்கு இன்னொன்று. சம்பந்திக்கு இரண்டு என்றால் அப்பா விடுவாரா? வால் தீர்ந்ததைக்கூடக் கவனிக்காமல் மருந்துக்கடைக்காரர் உள்ளேயிருந்து இழுத்து இழுத்து வெட்டினார். எல்லாம் அண்டங்காக்காய்க் கறுப்பு. இருவரும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்கள்.

கழுவிக் குளியலறையில் தொங்கவிட்ட சுருளில் பலூன், கேக், எதிர்வீட்டுப் பூனை எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல வந்திருந்தன. முதல் படம் இருந்த இடத்தில் மட்டும், வெளியே இழுத்ததில் வெளிச்சம் பட்டு, வெறும் கறுப்பு. அதிலும் பாதி, மேசைமேல் தட்டில் கிடந்தது.

மனைவி திட்டியிருந்தால் தேவலை. அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்கப்பா எதுங்க?" என்றாள்.

விஷயம் கூடத்துக்கு எட்டியது.

"ஒரு படத்தைக் காப்பாத்தத் தெரியலியே, சம்பந்தி" என்றார் மாமனார். கல்யாணத்துக்கு அப்புறம் இன்றுதான் நேருக்கு நேர் பேசுகிறார்.

"சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான், சம்பந்தி. கேளுங்க..." அப்பா சோபாவில் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பேச்சை நிறுத்தக் கூடத்துக்கு ஓடப்போன மருந்துக்கடைக்காரரின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போகாதீங்க. உங்களைப் பத்தி இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்."