சாய்வாக வெட்டிய பேனா

கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்த வெள்ளைத் துணியின் மேல் என் மனைவியின் நாணல் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஆறாவதை எடுத்ததும் கை நின்றுவிட்டது. அது நான் வெட்டியது இல்லை.

மறுநாள் கண்காட்சி தொடக்கம். கூடத்தின் மூன்று சுவர்களில் மூன்று வகை எழுத்துகள். இடப்பக்கச் சுவரில் அவளுடையவை, நம் எழுத்து. அதற்கு எதிர்ச்சுவரில், வலமிருந்து இடமாக எழுதுகிறவருடையவை. நடுச்சுவரில், மேலிருந்து கீழே தூரிகையால் எழுதும் ஒரு டீச்சருடையவை. மூவரும் சனிக்கிழமைதோறும் இந்தக் கூடத்தின் பின்னறையில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியவர்கள். மூன்றையும் ஒரே இடத்தில் மாட்ட வேண்டும் என்பது அவளுடைய யோசனைதான். தேதி குறிக்கும் முன்பே அவள் போய்விட்டாள்.

வலமிருந்து எழுதுகிறவருக்கு அவள் வைத்த பெயர் எதிர்வண்டி. “நான் பாட்டுக்குப் போயிட்டிருப்பேன், மனுஷன் எதிர்ல வந்துட்டே இருப்பாரு. எங்க போய் மோதிக்கப் போறோமோன்னு இருக்கும்” என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நான் சிரித்து முடித்த பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அதுதான் எனக்குப் பிடிக்காது.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். எழுத்து எனக்கு வராது. என் கையெழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும் என்பாள். ஆனால் வெட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் கடையில் வாங்கிய பேனா ஒன்று பிளந்துபோனது. உளி தீட்டும் கல்லில் கத்தியைத் தீட்டி, ஒரு நாணல் தண்டைச் சீவி நுனி வெட்டிக் கொடுத்தேன். ஒரு வரி எழுதிப் பார்த்தவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் அதற்கப்புறம் அத்தனையும் வெட்டினேன் என்று நினைக்கிறேன். என் வெட்டு நேர்வெட்டு. நுனி உளியின் வாய் போலத் தட்டையாக இருக்கும். மை இறங்க நட்டநடுவில் ஒரு கீறல். அவள் எழுதுவது எதுவானாலும் என் கத்தியைத் தாண்டித்தான் தாளுக்குப் போக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம். அவளிடம் கூடச் சொன்னதில்லை.

ஆறாவது பேனாவின் நுனி சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. எதிர்வண்டியின் பேனாக்கள் அப்படித்தான் இருக்கும். அவர் படங்களுக்குச் சட்டம் அளக்கப் போனபோது பார்த்திருக்கிறேன். இது பாதித் தண்டு வரை கறுப்பேறி, விரல் படும் இடம் வழுவழுத்துப் போயிருந்தது. மற்ற ஐந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் உடம்பு முடியாமல் இருந்த கடைசி வருடத்தில் நான் வெட்டிக் கொடுத்தவை. நுனிகள் வெளிறிய பழுப்பில், வெட்டிய அன்று இருந்த மாதிரியே இருந்தன. கீறலுக்குள் ஒரு சொட்டு மை போயிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ரொம்ப நல்லா வந்திருக்கு” என்று சொன்னவள்.

கொழுந்தியாள் ஓர் அட்டையோடு வந்தாள். கண்காட்சி வேலை முழுக்க அவள் தலையில்தான். அக்காவின் குரல்தான் அவளுக்கும், ஆனால் இரண்டு மடங்கு வேகம்.

“பெட்டிக்கு முன்னால வைக்க அட்டை வந்திருச்சு அத்தான். படிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லுங்க. ‘கலைஞரின் கணவர் தம் கையால் வெட்டிக் கொடுத்த நாணல் பேனாக்கள். இந்தச் சுவரில் உள்ள கடைசி வருடப் படைப்புகள் அனைத்தும் இவற்றால் எழுதப்பட்டவை.’ எப்படி? அக்கா இருந்திருந்தா, இவருக்கு ஏற்கெனவே தலைக்கனம், நீ வேற ஏத்திவிடாதேன்னு திட்டியிருப்பா.”

“நல்லா இருக்கு” என்றேன்.

“என்ன அத்தான், முகம் இப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா இல்லையா?”

“சாப்பிட்டேன்.”

அவள் ஏணிக்காரரைத் தேடிப் போனதும் எழுந்து சுவரருகே போனேன். எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டவன் நான். கடைசி வருடத்துத் தாள்களையும் நானேதான் கண்ணாடிக்குள் வைத்தேன். அப்போது சரியாகக் கவனிக்காததை இப்போது பார்த்தேன். அவள் எழுத்துகளில் வளைவின் வயிறு எப்போதும் தடித்திருக்கும், கழுத்து மெலிந்திருக்கும். கடைசித் தாள்களில் அது இடம் மாறியிருந்தது. வயிறு ஒல்லியாகி, தோள் தடித்து, ஒவ்வொரு எழுத்தும் காற்றில் சற்றே திரும்பி நிற்பது போல. உடம்பு முடியாத கை, அதனால் இப்படி என்று நினைத்திருந்தேன். சட்டம் போடும்போது என் பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் இந்தத் தாள்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். எனக்கும் அவைதான் மிகவும் பிடித்திருந்தன.

எதிர்வண்டி அப்போதுதான் உள்ளே வந்தார். என் வயதுதான், ஆனால் என்னை அண்ணே என்பார். வழுக்கைத் தலை, பெரிய கைகள். நேராகத் தன் சுவருக்குப் போய்க் கைகட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணே, எனக்கு மட்டும் சட்டத்தை மெல்லிசாப் போட்டிருக்கீங்க. எழுத்து அப்படியே எடுப்பா நிக்குது. நானே கேக்கலாம்னு இருந்தேன், கேக்காமலே செஞ்சிட்டீங்க.”

வேண்டுமென்றுதான் மெலிந்த சட்டம் போட்டிருந்தேன். மற்ற இரண்டு சுவர்களுக்கும் நல்ல தடித்த மரம். அதுவும் அவருக்கே நல்லதாகப் போயிருந்தது.

பேனாவை அவர் முன் நீட்டினேன். “இது நீங்க வெட்டிக் குடுத்ததா?”

வாங்கி நுனியைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகம் மலர்ந்தது. “இதுவா! இது நான் வெட்டினதில்லண்ணே. நான் ஒண்ணு வெட்டிக் குடுத்தேன், கைக்குச் சேரலேன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. இது அவங்களே வெட்டினது.”

“அவளுக்கு வெட்டத் தெரியாதே.”

“எங்க தெரியும்! என் கத்திய வாங்கிட்டு ஒரு கட்டு நாணலை நாசம் பண்ணாங்க. மேசையெல்லாம் சீவல். தூரிகை டீச்சர், ‘இது எழுத்து வகுப்பா, இல்ல தச்சுப் பட்டறையா’ன்னு கேட்டாங்க. ஒருநாள் விரலையும் வெட்டிக்கிட்டாங்க. ரத்தம் நிக்கல, அதுக்கும் சிரிப்பு. மணிக்கட்டுல வலி இருந்திச்சில்ல, கையத் திருப்ப முடியல. சாய்வா இருந்தா பேனாவே திரும்பிக்கும், கை திரும்ப வேண்டாம். அதுக்குத்தான்…” என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “உங்ககிட்ட சொல்லலையாண்ணே?”

அந்த விரலுக்குத் துணி சுற்றிக் கட்டியது நான்தான். வீட்டுக்கு வந்தபோது அதில் வெறும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பழம் நறுக்கும்போது பட்டுவிட்டது என்றாள். பார்த்து நறுக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டேன். அவள் எதையும் தப்பாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. என் முன்னால் எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்வாள், இல்லையென்றால் என்னிடம் கொடுத்துவிடுவாள். சீவல் குவிய, ரத்தம் சொட்ட, சிரித்துக்கொண்டே நாணலைப் பாழாக்கும் ஒருத்தியை இந்த ஆள் பார்த்திருக்கிறார். மணிக்கட்டு வலி என்பதை அவர் வாயால் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பேனாவை அவரே வெட்டிக் கொடுத்திருந்தால் எனக்கு இதைவிட ஆறுதலாக இருந்திருக்கும். அவரை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

“சொன்னா” என்றேன். “மறந்துட்டேன்.”

அவர் தலையாட்டிவிட்டு, பேனாவை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு கூடத்தின் நடுவில் போட்டிருந்த மேசைக்குப் போய், மறுநாள் வருகிறவர்கள் எழுதிப் பார்க்கத் தாள்களையும் மைக்கிண்ணங்களையும் ஒழுங்கு செய்யத் தொடங்கினார்.

நான் பெட்டியருகே நின்றேன். கறுத்த பேனாவை வைத்தால் அட்டையின் முதல் வரி பொய். எடுத்துவிட்டால் இரண்டாவது வரி பொய். ஐந்து வெளிறிய நுனிகளும் என்னைப் பார்த்தன. ஒன்றும் தெரியாத ஆள் கூடக் குனிந்து பார்த்தால் கேட்பார், இவற்றால் எழுதவே இல்லையே என்று.

ஐந்தையும் அள்ளிக்கொண்டு மேசைக்குப் போனேன். அவர் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். முதல் பேனாவை மைக்குள் முக்கி எடுத்தேன். நுனியில் மை முத்தாகத் தொங்கியது. இரண்டாவதை முக்கும்போது அவர் திரும்பிவிட்டார். எனக்குக் காது மடல் சுட்டது. அவர் பேனாக்களைப் பார்த்தார், அந்தப் பக்கம் பெட்டியைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“சும்மா முக்கினா தெரிஞ்சிடும்ணே. கீறலுக்குள்ள மை ஏறாது. ரெண்டு கோடாவது இழுங்க.”

எழுதினேன். நான் வெட்டிய பேனாவால் நான் எழுதுவது அதுதான் முதல் தடவை. அவள் பெயரைத்தான் எழுத வந்தது. எழுதிப் பழகாத கையில் முதல் எழுத்தின் வளைவு பள்ளத்தில் இறங்கிய வண்டி போல இழுத்துக்கொண்டது. ஆனால் மை தடையில்லாமல் இறங்கியது. வயிறு தடித்தது, கழுத்து மெலிந்தது. மேலே ஏறி வளைக்கும் இடத்தில் மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினேன். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

எதிர்வண்டி என் எழுத்தைப் பார்க்கவில்லை. பேனாவின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார், பசித்தவர் இலையைப் பார்ப்பது போல.

“என்ன வெட்டுண்ணே இது” என்றார் மெதுவாக. “இந்த மாதிரி எனக்கு வராது.”

அதைக் கேட்டு உள்ளே ஏதோ குளிர்ந்தது. அவர் சொல்லியா குளிர வேண்டும் என்று எரிந்தது. அடுத்த பேனாவை எடுத்தேன். ஐந்தாலும் அதே பெயரை எழுதி முடிக்கும்வரை அவர் மைக்கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொழுந்தியாள் திரும்பி வந்தபோது ஆறும் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. கண்ணாடியை மூடி, அட்டையை முன்னால் நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“எல்லா நுனியும் கறுப்பாத்தான் இருக்கு அத்தான். இதுல அக்கா கடைசியா எழுதினது எது?”

எதிர்வண்டி தாள்களை அடுக்க ஆரம்பித்தார். நான் கண்ணாடியில் பட்டிருந்த விரல் தடத்தைத் துடைத்தேன். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஐந்து நுனிகள் ஈரத்தில் மின்னின. அவற்றின் அடியில் வெள்ளைத் துணியில் ஐந்து கறுப்புப் பொட்டுகள் மெல்ல அகன்றுகொண்டிருந்தன. ஆறாவதற்கு அடியில் துணி வெள்ளையாகவே இருந்தது.