பக்கத்து வீட்டுப் பெரியவர்

என் குரலைத் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது, விலை ஐந்நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. காரைக்குடியில் செல்போன் சாமான் விற்கும் அழகுசுந்தரத்திடம் இந்த இரண்டு நிபந்தனைகளைச் சொன்னேன். இயர்போன் வாங்க அப்பா என்னோடு வரக் கூடாது என்று எனக்குள் மூன்றாவதும் ஒன்று இருந்தது. அதை எப்படிச் சொல்வது? வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்ததே அவர்தான்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று கூப்பிடுகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்ல வேண்டும். பின்னால் யாரோ கத்துகிறார்கள் என்று இரண்டு பேர் புகார் செய்துவிட்டார்கள். மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று மேலாளர் எழுதியே அனுப்பிவிட்டார்.

கத்துவது என் அப்பா பெரியநாயகம். முப்பது வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வீட்டோடு இருந்தும் அந்தக் குரல் இறங்கவில்லை. அவர் தண்ணீர் கேட்டால் அடுத்த தெருவில் யாராவது செம்பை எடுப்பார்கள். முதல் புகார் வந்தபோது, "யாரும்மா அது?" என்று மேலாளர் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "பக்கத்து வீட்டுப் பெரியவர் சார், கொஞ்சம் மறை கழன்றவர்" என்றேன். வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதமாக அவரைப் பற்றிக் கதை கட்டியது நான்தானே? முருங்கை மரத்தோடு சண்டை போட்டார் என்றுகூடச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் லட்சணம் அது.

"வயர் இல்லாதது வேணாம் தங்கச்சி" என்றார் அழகுசுந்தரம். "இந்த வெலைக்கு வர்றதுல மைக்கு காதுகிட்ட இருக்கும், ஊர்ச் சத்தத்தைப் பூராம் இழுக்கும். வயர்ல வாய்கிட்ட தொங்கும். நீங்க மெதுவாப் பேசுனாலே போதும்."

முதலில் எடுத்த வயரின் முனை என் போனில் நுழையவில்லை. இரண்டாவது காதில் நிற்காமல் வழுக்கியது. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது, நானூற்றைம்பது ரூபாய்.

"பேசிப் பாத்து வாங்கலாமா தம்பி?" என்றார் அப்பா.

"ஒங்களுக்கு இல்லாததாண்ணே? காலேசுக்கு ஒங்க பஸ்லதான வந்தேன். தங்கச்சி யாருக்காச்சும் போன் போடட்டும். நீங்க பக்கத்துல நின்னு பழையபடி ஒரு சத்தம் குடுங்க. மைக்கு இழுக்குதா இல்லையான்னு தெரிஞ்சுபோகும்."

கூட வேலை பார்க்கும் கிருத்திகாவைக் கூப்பிட்டேன். மணி அடிக்கும்போதே அழகுசுந்தரம் ஒன்றை என் காதில் விட்டுவிட்டு மற்றதை எடுத்து அப்பாவின் காதில் வைத்தார், அவரும் கேட்கட்டும் என்று. அப்போதே பிடுங்கியிருக்க வேண்டும். தோளோடு தோள் ஒட்டி நின்றோம்.

"புது இயர்போன்டி. பின்னாடி ஏதாவது சத்தம் கேக்குதான்னு சொல்லு" என்றேன்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மானகிரி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், திருக்கோஷ்டியூர் எல்லாம் ஏறு..." கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அவருக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

"உன் குரல் தெளிவா இருக்கு" என்றாள் கிருத்திகா. "ஆனா அந்தப் பக்கத்து வீட்டு லூசுத் தாத்தாவும் நல்லா கேக்குறாரே. இன்னைக்கு பஸ் ஓட்டுறாரா? நீ பாவம்டி. அவரை எங்கயாவது கொண்டுபோய்ச் சேக்க மாட்டாங்களா அவங்க வீட்ல?"

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அனிதா, லைன்ல இருக்கியா? அவர்தானே அது?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். எங்க அப்பாடி என்று சொன்னால் முடிந்தது. ஆனால் கிருத்திகாவிடம் சொன்னால் டீமுக்கே தெரியும், மேலாளருக்குத் தெரியும், மூன்று மாதப் பொய்யும் தெரியும். அந்தக் கணக்கெல்லாம் போட எனக்கு நேரம் இருந்தது.

"ஆமாடி, அவர்தான்" என்றேன்.

போனை வைத்தேன். நின்ற இடத்தில் அப்படியே இல்லாமல் போய்விட வேண்டும் போலிருந்தது. அப்பா காதிலிருந்ததைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மேசைமேல் வைத்தார். பிறகு ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை. இருபத்தாறு வயதில் முதல் தடவையாக அப்பாவிடம், "என்னப்பா சொன்னீக?" என்று கேட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. நான்தான் குனிந்து அவர் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"பக்கத்துல நிக்கிறவன் சத்தம் சுத்தமாக் கேக்காததா எடுத்துக்க ஆத்தா. எவ்வளவானாலும் நான் தாரேன்."