சந்தனம் மறைத்த மூன்றாவது வரி

1

யாமினி இந்தக் கதையை என்னிடம் எழுதச் சொல்லிக் கொண்டுவரவில்லை. நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கத்தான் கொண்டுவந்தாள். வடமாலபேட்டையில் என் உரக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "மாமா, நீங்க கதை எழுதறவரு. இத்தக் கேட்டா யாராச்சும் நம்புவாங்களா?" என்றாள். திங்கட்கிழமை திருப்பதியில் அவளை விசாரிக்கக் கமிட்டி கூடுகிறது. அவர்கள் நம்பாவிட்டால் அவளுடைய பிஎச்.டி. போய்விடும்.

ஆள் தெரியாமல் வந்துவிட்டாள். கதை எழுதுகிறவன் எதையும் லேசில் நம்பமாட்டான். பொய்யை எப்படிக் கட்டுவது என்று அவனுக்குத் தெரியும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"அறுநூறு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் குளிரில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஒரு துறவி கன்றுத்தோலை விரித்து—"

நான் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. எழுதியவர் துறவி என்று யார் சொன்னது? அடித்துவிட்டேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கன்றுத்தோலில் கையால் எழுதிய பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று. தோல் வெளிநாட்டு நூலகத்தில் இருக்கிறது, அதன் போட்டோக்கள் இணையத்தில் இருக்கின்றன. யாமினி அவற்றைச் சித்தூரில் பிரிண்ட் எடுத்து, அந்தப் பின்னல் எழுத்தை வரிவரியாகப் படித்து டைப் செய்தாள். அவள் ஆராய்ச்சியில் பாதி அதுதான். டைப் செய்ததை அவளுடைய கைடு சுதீர் சார் பென்டிரைவில் வாங்கிக்கொண்டார். (மெயிலில் வேண்டாம் என்றாராம். இங்கே நான் அடிக்கோடு போட்டேன்.) மறுவருடம் அவர் பெயரில் அந்தப் பாட்டின் இணையப் பதிப்பு வந்தது. அதற்குப் பிறகு யாமினி ஆய்வேட்டைக் கொடுத்தாள். சார் பதிப்பைக் காப்பியடித்திருக்கிறாள் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

3

சார் பதிப்பில் ஒரு பக்கத்தின் மேல்மூலையில் இரண்டு வரிகளுக்கு ஆரம்பம் இல்லை. மூன்று புள்ளிகள் இருக்கின்றன. கீழே குறிப்பு: 'இங்கே தோல் சிதைந்துள்ளது.'

யாமினி செல்போனில் நூலகத்தின் போட்டோவைக் காட்டினாள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. எழுத்து பளிச்சென்று இருந்தது.

"பழைய பிரதிங்களுக்கு இதான் மாமா கணக்கு. ரெண்டுலயும் ஒரே தப்பு இருந்தா, ஒண்ணப் பாத்து இன்னொண்ணு எழுதினது. தப்பு எங்க பொறந்துச்சோ அதான் மூலம்."

"எங்க பொறந்துச்சு?"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். சரஸ்வதி பூஜையில் அவள் அம்மா கலைவாணி அந்தப் பிரிண்ட் காகிதக் கட்டைச் சாமி முன்னால் வைத்து, மேல்தாளின் மூலையில் சந்தனம் குழைத்து வைத்து, நடுவே குங்குமம் இட்டிருக்கிறாள். வரிகளின் ஆரம்பம் பொட்டுக்குக் கீழே போய்விட்டது. ஈரச் சந்தனத்தைத் துடைத்தால் இங்க்கும் வந்துவிடும். போனில் நெட்டும் தீர்ந்திருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று புள்ளி வைத்தாள். ஆய்வேட்டில் அதை நிரப்பினாள். சாரிடம் போனது புள்ளியோடு போனது.

எங்கள் ஊர்ச் சந்தனம் இங்கிலாந்துத் தோலைச் சிதைத்துவிட்டதே என்று சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. சாரைக் காப்பியடித்துவிட்டு, போட்டோவைப் பார்த்து இவளே நிரப்பியிருக்கலாம். பொட்டை நேற்றுகூட வைத்திருக்கலாம். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதிப்பில் போனது இரண்டு வரியின் ஆரம்பம். பொட்டு மூன்று வரியை மறைத்திருந்தது.

"மூணாவது வரிய எப்படிப் படிச்ச?"

தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "தெரியல மாமா. அன்னிக்கி ரெண்டுதான் மறைஞ்சிருந்துச்சு."

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தி வைத்தேன். யாமினி என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவளை ஏமாற்றுக்காரியாக வைத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் என் பக்கத்து வீடான அவர்கள் வீட்டுக்குப் போனேன். கலைவாணி மாங்கூழ் ஃபாக்டரி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பொட்டு எப்போது வைத்தது என்று கேட்டேன்.

"பூஜை அன்னிக்கிதாண்ணா. சாமிகிட்ட வெச்சத மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. படிக்கவும் கூடாது."

நான் யாமினியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"அன்னிக்கி சாயங்காலமே எடுத்துட்டேம்மா. காலையில குடுக்கணும்னு சார் போன் பண்ணிக்கினே இருந்தாரு. டைப் அடிச்சிட்டுத் திரும்ப வெச்சிட்டேன்."

கலைவாணி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"தெரியும். பொட்டு மேல உன் விரல் பட்டு ஈஷிக்கினு இருந்துச்சு. சாமி குத்தம் உனக்கு வரக்கூடாதுன்னு விடிகாலையில நான்தான் அது மேலயே மறுபடியும் வெச்சேன். கொஞ்சம் பெருசா."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ பயந்துக்குவ. படிக்கிற பொண்ணு."

யாமினி அழுதாள். நான் அந்த நிமிஷமே நம்பிவிட்டேன். பொய் சொல்ல வந்தவள் பொட்டைச் சரியான அளவில் வைத்திருப்பாள்.

[நம்பியது கதைக்காரனா, பக்கத்து வீட்டுக்காரனா? இந்தக் கேள்வியை அடித்தேன், மறுபடியும் சேர்த்தேன்.]

5

முடிவு ஒன்று: கமிட்டியின் முன் கலைவாணி இதையே சொல்கிறாள், சுதீர் சார் தலைகுனிகிறார். கிழித்துவிட்டேன். தலைகுனிகிற ஆளாக அவர் எனக்குத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: "பெத்த தாய் மகளுக்காக எதுவும் சொல்லுவாங்க" என்று ஓர் உறுப்பினர் தாளைத் தள்ளிவைக்கிறார். இதைக் கிழிக்கக் கை வரவில்லை. போன வாரம் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

முடிவு மூன்று: எல்லாரும் சமாதானமாகி, யாமினி மன்னிப்பு எழுதிக்கொடுத்து— வேண்டாம்.

கமிட்டி நாளைக்கு. கலைவாணி லீவு சொல்லிவிட்டாள். நல்ல புடவையை எடுத்து வைத்திருக்கிறாள். "நம்பலன்னா என்னாண்ணா பண்றது?" என்று கேட்டாள்.

அதனால் கமிட்டியின் மேசைக்குப் பின்னால் உங்களை உட்காரவைக்கிறேன். உங்களுக்கு ஒரு பக்கம் பிழையில்லாத முகப்போடு சாரின் இணையப் பதிப்பு. இன்னொரு பக்கம் அளவு பொருந்தாத ஒரு பொட்டு, அதை வைத்தவளும் பக்கத்தில் நிற்கிறாள். தீர்ப்பை நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

. . .

எழுதாமல் விட்டாலும் சரி. தோல் சிதைந்துவிட்டது என்று மட்டும் தயவுசெய்து குறிப்பு போடாதீர்கள்.