ஏழு ஆச்சரியக்குறிகள்

இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள் போனுக்குள் போய்விட்டன. ஏழு மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தன. எனக்கு வேண்டியதோ அந்த ஏழில் ஒன்று.

காலை ஒன்பது மணியிலிருந்து கம்ப்யூட்டருக்கும் என் போனுக்கும் நடுவில் உட்கார்ந்து மத்தியஸ்தம் செய்துகொண்டிருந்தேன். வயரை மாற்றிப் பார்த்தேன். இரண்டையும் அணைத்துப் போட்டேன். இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று போன் கேட்டது. நம்பித் தொலை என்று அழுத்தினேன். பச்சைக் கோடு கடைசிவரை ஓடி, எல்லாம் முடிந்தது என்று செய்தியும் வந்தது. போனைத் திறந்தால் சினிமாப் பாட்டெல்லாம் வரிசையாக நிற்கிறது, என் வீட்டுக்காரர் பாடிய ஏழையும் காணோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் திரையைப் பார்த்தபடி, "அதான்" என்றார்.

அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் அடைத்து, வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. பசிக்கிறதா என்றால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். நான் கத்தினாலும் அதான், அழுதாலும் அதான். லிஃப்ட் மெக்கானிக் அவர். இரண்டு மாடிக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தே அவர்கள் பயத்தைப் போக்கிவிடுவார். அந்த வாய்க்கு இந்த கதி. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது, இவர் தன்பாட்டில் முனகினார். வார்த்தை இல்லை, ராகம் மட்டும். அந்த அம்மா நிமிர்ந்தார்.

"என்ன பாட்டும்மா இது?"

"இவரே கட்டினது மேடம். என்னைக் கிண்டல் பண்ணி."

"அடுத்த வாரம் போன்ல ஏத்திக் கொண்டு வாங்க. சில பேருக்குப் பேச வராத வார்த்தை, பழகின பாட்டுல வரும்."

வெளியே வராந்தாவரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அடுத்த வியாழனோட பன்னெண்டு வகுப்பு முடியுது. ஒரு வார்த்தையாவது கூட வந்தாத்தான் இன்னும் வகுப்பு வேணும்னு நான் மேல எழுதிக் கேக்க முடியும். நாப்பது பேர் இடத்துக்காகக் காத்திருக்காங்க."

இன்றைக்குத்தான் அந்த வியாழன். நாலு மணிக்கு வகுப்பு.

பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கம்பெனிக் கிடங்கில் இருப்புப் பார்க்கிறவள். பத்தாயிரம் பெட்டியில் எது எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். வீட்டில் மட்டும் சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. இது போதாதா அவருக்கு? சத்தம் எதிரொலிக்கக் கூடாதாம், துணி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்து, என் உடுப்பெல்லாம் தலையில் தொங்க, மைக்கைப் பிடித்துப் பாடிப் பதிவு பண்ணினார்.

சாவி எங்க, சாவி எங்க, வீடே தேடுது
கண்ணாடி எங்க, கண்ணாடி எங்க, தலையில் ஆடுது

முடித்துவிட்டு, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி வந்து போட்டுக் காட்டுவார். இரண்டாவது வரியோடு, "போதும், நிறுத்துங்க, மானம் போகுது" என்று எழுந்து போய்விடுவேன். ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.

பத்தரை மணிக்குப் பொறுமை போய்க் கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். இவருக்கு நேர் இளையவர், ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார்.

"அண்ணி, மத்த பாட்டெல்லாம் போயிடுச்சுன்னா வயர்லயும் போன்லயும் கோளாறு இல்ல. அந்த ஏழு பாட்டோட பேருக்குப் பக்கத்துல ஏதாவது குறி இருக்கா பாருங்க."

கண்ணாடியைத் தேடினேன். தலையில்தான் இருந்தது. போட்டுக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு முன்னாலும் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஓர் ஆச்சரியக்குறி.

"இருக்கு. ஏழு ஆச்சரியம். என்ன அதிசயத்தைக் கண்டுச்சோ."

அவர் சிரிக்கவில்லை. "அதுல ஒண்ணை ரெண்டு தரம் தட்டுங்க. என்ன சொல்லுது?"

"மூலக் கோப்பைக் காணோம், எங்கே இருக்குன்னு காட்டறீங்களான்னு கேக்குது."

"அப்ப லிஸ்ட்ல பேர் மட்டும்தான் அண்ணி இருக்கு. பாட்டு அந்த எடத்துல இல்ல. எந்த ஃபோல்டர்னு கீழ எழுதியிருக்கும், படிங்க."

படித்தேன். கடைசிச் சொல்லை இன்னொரு தரம் படித்தேன்.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

"குப்பை" என்றேன். "ஃபோல்டர் பேரு, குப்பை."

"அண்ணனோட குசும்பு" என்று அவர் சிரித்தார். "யாராவது கேட்டுட்டுக் குப்பைன்னு சொல்றதுக்கு முன்னாடி தானே சொல்லிக்கிட்டாரு போல. சரி, அந்த ஃபோல்டர் இப்ப எங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தேன். இடம் இல்லை என்றது. எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு: பெட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, பெயர்ச்சீட்டைப் பார், செய். கழிவு என்று ஒட்டியிருந்தால் அது கழிவுதான். பதினெட்டு வருஷமாக அப்படியே வேலை செய்து, நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன். குப்பை என்று எழுதியிருந்ததைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அழித்தேன். அதோடு விட்டேனா? அழித்தது போய் விழுகிற தொட்டியையும் சுத்தமாகக் காலி செய்தேன். சமர்த்து!

கொழுந்தனாரிடம் சொன்னேன்.

"அதுக்கப்புறம் ஸ்கேன் படத்தையெல்லாம் ஏத்தினீங்களா?"

"ஏத்தினேன்."

"அப்ப அதே எடத்துல புதுசு உக்காந்திருக்கும். நான் வந்து பாக்கறேன் அண்ணி. ஆனா நம்பிக்கை வெச்சுக்காதீங்க." பிறகு, "அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம். அழிச்சவதான் சொல்லணும்."

திரும்பினேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுதான் போனதே தவிர காது நன்றாகக் கேட்கும். புத்தியும் அப்படியே இருக்கிறது. முக்கால்வாசி புரிந்திருக்கும். இருந்தாலும் அவர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னேன்.

"உங்க பாட்டை நான் அழிச்சிட்டேங்க. ஏழையும். குப்பைன்னு எழுதியிருந்தது, குப்பைன்னு நெனச்சிட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதான் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அதுகூட வரவில்லை. மூன்று மாதத்தில் எத்தனையோ தடவை அந்தச் சொல்லைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். அப்போது ஒரே ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று கெஞ்சவேண்டும் போல இருந்தது. பாவி, என்ன காரியம் செய்தேன் என்று முந்நூறு தடவையாவது எனக்குள் சொல்லியிருப்பேன்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி அறையில் அந்த அம்மா கையை நீட்டினார். "போன் குடுங்க, பாட்டைப் போடலாம்."

"பாட்டு இல்ல மேடம். நான் அழிச்சிட்டேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மேசைமேல் இருந்த படிவத்தையும் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்களே பாடுங்க."

"ஐயோ, நான் பாடினா இவருக்கு இருக்கற ஒத்தை வார்த்தையும் ஓடிப்போயிடும் மேடம்."

"பாடுங்கம்மா" என்று சொல்லி, இவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்ட ஆரம்பித்தார்.

பாடினேன். ராகம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாவி வரியை எப்படியோ கடந்தேன். இவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் பதற்றத்தில் எல்லாம் மறந்துவிட்டது. "கண்ணாடி எங்க, கண்ணாடி எங்க, பைக்குள்ள ஓடுது" என்று வாய்க்கு வந்ததைப் பாடிவைத்தேன்.

இவர் சட்டென்று திரும்பினார். புருவம் நெரிந்தது. பாட்டில் ஒரு சொல் மாறினாலும் பொறுக்காத மனுஷன். அந்த அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவி, தானே மேசையைத் தட்டினார். ஒரு தட்டு, இன்னொரு தட்டு.

"த... தலையில்..." வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. "தலையில்... ஆடுது."

அந்த அம்மாவின் பேனா அப்படியே நின்றது. நான் பாட்டை நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். ஆனால் இவர் நிறுத்தவில்லை. கை தட்டிக்கொண்டே இருந்தது.

"எது... தொலைஞ்சா... என்ன..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. உதடு அசைந்தது, ராகம் மட்டும் முனகலாக வரிமுடிவு வரைக்கும் போய் நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை. என் முகத்தைப் பார்த்து, மீதியை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருந்தார்.

"அடுத்து என்னம்மா?" என்று அந்த அம்மா அவசரமாகக் கேட்டார். "எடுத்துக் குடுங்க, வந்துடும்."

"தெரியாது மேடம்" என்றேன். "நான் எப்பவும் ரெண்டாவது வரியிலயே எழுந்து போயிடுவேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மா என்னைத் தேற்றவில்லை. படிவத்தை இழுத்து, ஐந்து வார்த்தை என்று எழுதி, இன்னும் பன்னிரண்டு வகுப்பு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரை அணைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்து இவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தேன். இடது கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டு, சாவி எங்க, சாவி எங்க என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியைச் சரியாகப் பாடினேன். பிறகு வாயை மூடிக்கொண்டு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.