மேற்குக் குழியில் விழுந்த காசு

யூதர்களின் ஜெப ஆலயத்துக்குப் புதுத் தளம் போடும் நாள். ஏரிக்கரை ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்து நின்றது. சாந்து ஊற்றுவதற்கு முன், வீட்டு ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு செப்புக்காசு போட வேண்டும். உயிரோடிருப்பவர் காசு கிழக்குக் குழியில், செத்தவர் காசு மேற்கில். பயறு அளவுக் காசு; அதில் பொறித்த பேரரசரின் மூக்கும் முழியும் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஒரு வெங்காயத்துக்குக்கூடப் பெறாது. ஆனாலும் செத்தவன் காசு கிழக்கே விழுந்தால் அவன் எழுந்து வந்து அந்த வீட்டில் இன்னொரு உயிரைக் கேட்பானாம். இருப்பவன் காசு மேற்கே விழுந்தால் அந்தக் குழி அவனையே கேட்குமாம்.

தபீத்தாளின் கையில் ஒரு காசு மிச்சம். மீனுக்குப் போன அவள் கணவன் தன்கூம், புயலடித்து ஐந்து நாளாகியும் திரும்பவில்லை. அவள் இரண்டு குழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மேற்கே போடுடி,” என்றாள் மாமியார் கீரா. பெற்றவளே சொன்னாள். “என் வயிறு பத்தி எரியுது. ஆனா ரெண்டு பிள்ளைங்க இருக்கே, அதுங்களையும் வாரிக் குடுக்கணுமா?”

“அவரு வருவாரு அத்தை.”

“எங்க, கூட்டிட்டு வா பாப்போம்!”

“சீக்கிரம் தாயி,” என்றான் கொத்தனார் ஹல்போ. “பொழுது சாஞ்சா ஓய்வுநாள், கரண்டியத் தொட முடியாது. சாந்து என்ன உன் மாமனா, பொறுத்துக்கிட்டு இருக்க?”

தபீத்தாள் பிள்ளைகளைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மேற்கே போட்டாள். சாந்து விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரே கூச்சல். உடைந்த துடுப்பை ஊன்றிக்கொண்டு தன்கூம் வந்து நின்றான்.

“அக்கரையில ஒதுங்கிட்டேன். ஏன் எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எனக்குக் காசு போட்டாச்சா?”

கீரா அவனைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள். தபீத்தாள் அவன் பக்கமே போகவில்லை. மேற்குக் குழியில் இறங்கி, ஈரச் சாந்துக்குள் முழங்கைவரை கையை விட்டாள். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கியது. எல்லாம் ஒரே மாதிரி மொட்டைக் காசு. எது அவனுடையது? இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கிழக்கே வீசினாள்.

“ஐயையோ, எங்கப்பன் காசு அதுல இருக்கு!” என்று கூட்டத்தில் ஒருவன் அலறினான்.

“என் மூத்தவளையும் சேத்து எழுப்புறாளே, பாவி!”

ஹல்போ அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் திமிறினாள்.

“விடுண்ணே! செத்தவங்க அத்தனை பேரும் எந்திரிச்சு வரட்டும். இந்த மனுசன் ஒருத்தர் போகக் கூடாது!”