வலது காதுப் பக்கம்

நான் என் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத்தில்தானே, எழுதிவிடுகிறேன்: ஜெயவேல். எங்கள் ராயபுரம் வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணும் அப்படிக் கூப்பிட மாட்டாள். சோறு ஆனதும் வாசல் பக்கம் கையை நீட்டி வளையலைக் குலுக்குவேன், அவர் எழுந்து வருவார். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் வழக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து அவர் வருவதில்லை. எத்தனை குலுக்கினாலும் வாசலில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் போய் எதிரே நின்றால்தான் எழுந்திருப்பார். அம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கா கோபம் வராது? மீன் குழம்பில் புளியை அள்ளிப் போட்டேன். அதையும் வாயைத் திறக்காமல் தின்றார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் முதுகுக்குப் பின்னாலேயே போய் நின்று ஆத்திரம் தீரக் குலுக்கினேன். கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கி விழுந்தது. வெள்ளிக்கிழமை அதுவுமாக வளையல் உடைகிறது, மனுஷன் திரும்பவில்லை.

"இன்னா திமிரு இது" என்று வாய்க்குள் முனகினேன்.

"யாருக்கு திமிரு?" என்று சட்டெனத் திரும்பினார். தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, இது எப்போது உடைந்தது என்று கேட்டார்.

அப்படியென்றால் இத்தனை நாளும் வளையல் சத்தமே கேட்கவில்லையா? மறுபடி அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, மிச்ச வளையலை ஒவ்வொரு காதுக்கும் பக்கத்தில் ஆட்டினேன். இடது காதில் ஒன்றுமே இல்லை. வலதில் ஏதோ லேசாக, தூரத்தில் என்றார். என் பேச்சு மட்டும் வலதில் நன்றாகக் கேட்கிறதாம்.

அப்புறம்தான் வாயைத் திறந்தார். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அவருக்கு டெலிபோன் போர்டு வேலை. காலையில் ஒற்றைக் காது ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவது. கப்பல் வரும் நாளில் லைனில் எல்லோரும் கத்துவார்களாம், ரிசீவரைப் படீரென்று வைப்பார்களாம். வீட்டுக்கு வந்தபின்னும் இடது காதில் கொசு பாடுகிறது. காது களைத்துவிட்டது, கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று வலது காதுக்கு மாற்றி மாட்டியிருக்கிறார். மாட்டு வண்டியில் மாடு மாற்றுவதைப் போல!

ஏன் மறைத்தார் என்று நான் கேட்கவேயில்லை. அவர் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இவருக்கு நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், கோட்டு போட்டவர்கள் 'ஜெயவேல், லைன் கொடு' என்று கேட்கும் வேலை. அதை விட்டுவிட யாருக்கு மனசு வரும்?

மறுநாளே கல்மண்டபம் பக்கத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டித் தட்டிக் காதோரம் வைத்துப் பார்த்தார். போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், அந்த ஹெட்போனைக் கழற்றி வை என்றார். காதில் எண்ணெய் ஊற்றவும் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வலது காதும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வழக்கம்போல நான் நாலு எட்டுப் பின்னால். பேசிக்கொண்டே போனேன்: நாற்காலி போனால் போகட்டும், குடோனில் நின்று மூட்டை எண்ணுகிற வேலை கேட்டால் தர மாட்டார்களா, நின்றால் கால்தானே வலிக்கும். லாரிச் சத்தத்தில் ஒன்றும் அவருக்கு எட்டவில்லை போல. திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"நாளைக்கு நான் பேசறதும் கேக்காம பூட்டா, நான் யார்கிட்டய்யா பேசுவேன்?"

அவர் நின்றுவிட்டார். பிறகு, நட்டநடு ரோட்டில், என் கையைப் பிடித்துத் தன் வலது பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"திங்கக்கெயமையே போர்டு வாணாம்னு மேனேஜராண்ட சொல்லிட்றேன். நீ இப்டிக்கா வந்து பேசிகினு வா."

தெருக் குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஃப்ளோரா குடம் வழிவதைக்கூடப் பார்க்காமல் எங்களையே பார்த்தாள். நான் பின்வாங்கவில்லை. தோளோடு தோள் உரச நடந்தபடி, ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்டேன். அவர் தலையைச் சாய்த்துக் காதை என் பக்கம் கொடுத்தார்.